அப்பாவின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடலாமா?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். நீங்கள் பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் வேலை பார்க்கிறீர்கள், அப்பா அம்மா அல்சூரில் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ3 லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி அந்த மெஷினில் ஏறாது. ஆபீஸ் நண்பர்கள் "லினக்ஸ் போடு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இன்னொரு இயங்குதளம். அம்மாவுக்கு யூடியூபும் வாட்ஸப்பும் போதும். அப்பா தமிழில் கடிதமும் கட்டுரையும் டைப் செய்வார், கரண்ட் பில் கட்டுவார், சிவாஜிநகரில் ஒரு நண்பர் கடைக்கு டேலியில் கணக்கும் எழுதித் தருவார். டெஸ்க்டாப் லினக்ஸ் சாதாரண ஆட்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் கவலை வேறு: போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் வாரத்துக்கு எத்தனை தடவை போன் வரும்?

அதற்கே பதில் சொல்கிறேன். சின்னச் சின்ன ஆபீஸ்கள், டியூஷன் சென்டர்கள், தெரிந்தவர் வீடுகள் என்று இந்த ஊரில் பல வருஷமாகக் கம்ப்யூட்டர் பராமரிப்புதான் என் பிழைப்பு. விண்டோஸும் பார்க்கிறேன், லினக்ஸும் பார்க்கிறேன், எதற்கும் கொடி பிடிக்கிறவன் இல்லை. வீடியோ எடிட்டிங், கட்டட வரைபடம், கேம் இவையெல்லாம் என் தினப்படி வேலையில் வராதவை. உங்கள் வீட்டுக்கும் அவை தேவையில்லை என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். திரையில் தெரிகிற லினக்ஸைப் பழகுவது இன்றைக்கு ஒரு பிரச்சினையே இல்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் சினமன் பதிப்பைப் போட்டால் இடது கீழ் மூலையில் மெனு, வலது கீழ் மூலையில் கடிகாரம், நடுவில் டாஸ்க்பார், எல்லாம் அப்பாவுக்குப் பழகிய இடத்திலேயே இருக்கும். பென்டிரைவைச் செருகினால் திறக்கும், போனை வயரில் மாட்டினால் போட்டோக்கள் தெரியும். பேங்க், பெஸ்காம் கரண்ட் பில், ஐஆர்சிடிசி, வருமான வரித் தளம், யூடியூப் எல்லாம் பிரவுசருக்குள் நடக்கிறவை, அங்கே எந்த மாற்றமும் இல்லை. வாட்ஸப்புக்கு லினக்ஸில் அதிகாரபூர்வமான செயலி கிடையாது, ஆனால் வாட்ஸப் வெப் இருக்கிறது. ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. அம்மா விஷயத்தில் தயங்கவே வேண்டாம். பிரவுசர் ஐகானை டெஸ்க்டாப்பில் பெரிதாக வைத்துவிட்டால் உள்ளே ஓடுவது என்ன என்று அவர் கேட்கக்கூட மாட்டார்.

கம்ப்யூட்டரில் கொஞ்சமாக வேலை செய்கிறவருக்கு லினக்ஸ் எளிது. உங்களைப் போல அதிலேயே பிழைக்கிறவருக்கும் எளிது. சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்குத்தான்: ஒரு குறிப்பிட்ட மென்பொருள், ஒரு குறிப்பிட்ட பிரிண்டர், பத்து வருஷம் கை பழகிய ஷார்ட்கட் என்று வைத்திருப்பவர்கள். உங்கள் அப்பா அந்த நடு வரிசைக்காரர். ஆகவே மீதிப் பதில் முழுக்க அவருக்குத்தான்.

அதற்குள் போகுமுன் இன்னொன்று. விண்டோஸ் எளிது என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த எளிமையில் பாதி கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கிறது. உங்கள் அப்பா விண்டோஸை அவராகவா போட்டார்? எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரர் போட்டிருப்பார், இல்லை எதிர்வீட்டுப் பையன் போட்டிருப்பான். பிரிண்டர் மக்கர் பண்ணினால் ஆபீஸில் பக்கத்து சீட்காரர் சொல்லித் தந்திருப்பார். கேட்கிற இடமெல்லாம் பதில் கிடைத்தால் எந்த மென்பொருளும் எளிதாகத்தான் தெரியும். தமிழ்நாட்டில் அரசு லேப்டாப் வாங்கியவர்களுக்கு பாஸ் லினக்ஸ் ஞாபகம் இருக்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, விண்டோஸோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, சொல்லித்தர ஆள் இல்லை. கேரளத்துப் பள்ளிகளிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது, அது பாஸ் அல்ல. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கணினிப் பாடப்புத்தகத்தையே கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதினார்கள். அதனால் பிள்ளைகள் அதை வித்தியாசமான பொருளாகவே நினைப்பதில்லை.

பெங்களூரில் இது இன்னும் வேடிக்கை. 2001-லேயே 'லினக்ஸ் பெங்களூர்' என்று மாநாடு நடத்திய ஊர், பிறகு அதுவே ஃபாஸ்.இன் என்று பெயர் மாறியது. உலகத்தின் எத்தனையோ சர்வர்களை இங்கே உட்கார்ந்துதான் கவனித்துக்கொள்கிறார்கள். ஆனால் தெருமுனை சர்வீஸ் கடையில் லினக்ஸ் லேப்டாப்பை நீட்டினால் முகம் மாறிவிடும். காக்ஸ் டவுனில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு மின்ட் போட்டுக் கொடுத்திருந்தேன், நெடுநாள் ஒரு புகாரும் இல்லை. ஒருநாள் கீபோர்டில் இரண்டு எழுத்து வேலை செய்யவில்லை என்று வீட்டருகே ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். கீபோர்டு மாறி வந்தது, கூடவே உள்ளே திருட்டு விண்டோஸும் வந்தது. "ஏதோ பழைய விண்டோஸ் இருந்தது மேடம், புதுசு போட்டுட்டேன், சார்ஜ் எதுவும் வேணாம்" என்று உபகாரமாகச் சொன்னாராம். அவரைக் கோபிக்கவும் முடியவில்லை, டீச்சரின் கோப்புகளில் பென்டிரைவில் இருந்தவை மட்டும்தான் மிச்சம். அதற்கப்புறம் நான் போட்டுக் கொடுக்கிற எந்த லேப்டாப்பிலும் அடியில் ஒரு லேபிள் ஒட்டிவிடுகிறேன்: 'லினக்ஸ் உள்ளது, ஃபார்மேட் செய்யாதீர்', அதன் கீழே என் போன் நம்பர். நீங்களும் உங்கள் நம்பரை ஒட்டுங்கள். இங்கே தமிழோடு கன்னடத்திலும் எழுதிவைப்பது நல்லது.

சரி, அப்பாவுக்கு வருவோம். தமிழ் டைப்பிங்கில்தான் போட்டவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். அவர் என்ஹெச்எம் ரைட்டரோ அழகியோ பயன்படுத்துகிறார் என்றால் அவை விண்டோஸுக்கானவை, இங்கே மாற்று ஏற்பாடு வேண்டும். மின்ட்டின் கீபோர்டு அமைப்பில் நேரடியாகவே 'தமிழ்நெட் 99' என்று ஒன்று தெரியும். அதைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது எழுத்துகளை இடத்தில் வைப்பதோடு சரி. ககரத்தை இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி வைப்பது, மெய்க்குப் பின்னால் உயிரை அடித்தால் துணையெழுத்தாக மாற்றுவது போன்ற தமிழ்99 விசைப்பலகை முறையின் சௌகரியங்கள் அதில் வராது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதிலிருக்கும் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிற முறைக்கும், பழைய தட்டச்சு முறைக்கும் அதே தொகுப்பில் தனித்தனி அமைப்பு உண்டு. ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கிறவராக இருந்தால் ஒன்றிரண்டு எழுத்துக்கான விசை அவருக்குப் பழகியதிலிருந்து மாறியிருக்கும். ழ, ள, ண, ற, ஞ, இந்த ஐந்துக்கும் எந்த விசை என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, அவருடைய பழைய கோப்புகள். யூனிகோடு வருவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம், படிக்க முடியும். யூனிகோடில் அடித்த வேர்டு கோப்புகள் லிப்ரே ஆபீஸில் திறக்கும். ஆனால் லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை, லினக்ஸில் இருக்காது. ஆங்கிலத்தில் காலிப்ரிக்குப் பதில் அதே அகலமுள்ள கார்லிட்டோ வந்து உட்கார்ந்துவிடும், வரிகள் கலையாது. தமிழுக்கு அப்படிப்பட்ட ஈடு இல்லை. நோட்டோ அல்லது லோகித் எழுத்துருவில் காட்டும், இரண்டு பக்கக் கடிதம் இரண்டரைப் பக்கமாக நீண்டுவிடலாம். அவரே படித்து அவரே அச்சடித்தால் இதனால் நஷ்டமில்லை. தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை அனுப்புகிறார், அங்கே ஒருவர் திருத்தித் திருப்பி அனுப்புகிறார் என்றால் இந்தக் கோப்பு இழுபறி தொடர்ந்து இருக்கும், முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். இந்த ஊரில் கன்னடத்தில் மனு எழுதுகிற வேலையும் அவருக்கு உண்டு என்றால், நுடி என்ற கன்னட டைப்பிங் மென்பொருளில் அடித்த பழைய கோப்புகளுக்கும் பாமினி கதைதான்.

பிரிண்டர் முழுக்க மாடலைப் பொறுத்தது. நல்ல செய்தி, போனிலிருந்து வைஃபை வழியாக நேராக அச்சடிக்கிற புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே லினக்ஸில் வேலை செய்கின்றன. ஹெச்பி மாடல்களுக்கு அந்த நிறுவனமே ஹெச்பிலிப் என்ற மென்பொருளைத் தருகிறது. லேசர்ஜெட் 1020 மாதிரி சில பழைய மாடல்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பிளகின் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிண்டர் கண்ணுக்குத் தெரியும், காகிதம் வராது. ஜெராக்ஸ் கடைதோறும் பார்க்கிற கேனான் எல்பிபி 2900 வகை மட்டும் லினக்ஸ்காரர்கள் மத்தியில் பேர்போன தலைவலி, அதன் மொழியே தனி. வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் டிரைவரோடு மல்லுக்கட்டி ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிப்பதைவிட, பிடிஎஃப் ஆக்கி போனுக்கு அனுப்பிக் கடையில் அச்சடித்துக்கொள்ளச் சொல்வேன்.

டேலி விஷயத்தில் பதில் சுருக்கம்: இல்லை. அது விண்டோஸுக்கான மென்பொருள். வைன் என்ற இடைநிலை மென்பொருள் மூலம் லினக்ஸில் திறந்து காட்டுகிறவர்கள் உண்டு, நானும் திறந்து பார்த்திருக்கிறேன். ஆனால் இன்னொருவர் கடைக் கணக்கை அதை நம்பி வைக்க மாட்டேன். அடுத்த பதிப்பு வரும்போது ஏதாவது நின்றுபோனால் கேட்க ஆள் கிடையாது, மாதக் கடைசியில் ஜிஎஸ்டி தேதி காத்திருக்காது. ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் ஓடுவதுதான். தனிநபர் கடையாக இருந்தால் ஓடிபி வைத்தே ரிட்டர்னை முடித்துவிடலாம். கம்பெனி என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருக வேண்டும், அதை லினக்ஸில் நிலையாக வேலை செய்ய வைப்பது உங்களுக்கே அரைநாள் வேலை, அப்பாவுக்கு நடக்காத காரியம். அவருடைய சொந்த வருமான வரிக்கு, பென்ஷன் மட்டும்தான் என்றால், தளத்திலேயே படிவத்தை நிரப்பி ஆதார் ஓடிபியில் முடித்துவிடலாம். வரித் துறை தரும் எக்செல் படிவம் மட்டும் லிப்ரே ஆபீஸில் எடுபடாது, அதிலுள்ள மேக்ரோக்கள் மைக்ரோசாஃப்ட் எக்செலுக்காக எழுதப்பட்டவை.

அதனால் என் யோசனை: டேலியை நண்பர் கடைக் கம்ப்யூட்டருக்கே மாற்றிவிடுங்கள். கணக்கு அவருடையது, அங்கே இருப்பதுதான் முறையும்கூட. முடியாது என்றால் லேப்டாப்பில் விண்டோஸையும் லினக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் எனக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. விண்டோஸ் சீக்கிரம் தொடங்குவதற்காக வைத்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தாவிட்டால், விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதியை லினக்ஸ் படிக்க மட்டும் விடும், கோப்பைச் சேமிக்க விடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பிக் காட்டும், ஒன்று இந்திய நேரத்தையும் மற்றது உலக நேரத்தையும் மெஷினில் எழுதிவைப்பதால். இரண்டுக்கும் ஒருவரித் தீர்வு இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை அடிக்கப்போவது நீங்கள், மாரத்தஹள்ளியிலிருந்து. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளை வீட்டுப் பயனாளிகளுக்கு மைக்ரோசாஃப்ட் தருகிறது, டேலி ஓடும் மெஷினை அதில் பதிவுசெய்வது அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

ஹார்டுவேர் ஒத்துவருமா என்பதை யாரும் தூரத்திலிருந்து சொல்ல முடியாது, ஆனால் போடாமலே பார்க்க வழி இருக்கிறது. மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டுங்கள், உள்ளே எதுவும் மாறாது. அல்சூர் வீட்டு வைஃபையில் இணைத்துப் பாருங்கள். உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தது போதும் என்று விட்டுவிடாதீர்கள். யூடியூபில் ஒரு பாட்டு போட்டு ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் கேளுங்கள். கூகுள் மீட்டில் நீங்களே போனிலிருந்து அழைத்து கேமராவும் மைக்கும் வருகிறதா பாருங்கள். வீட்டு பிரிண்டரில் ஒரு பக்கம் அடியுங்கள். லேப்டாப்பை மூடி ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்து பாருங்கள். பழைய மெஷின்களில் தூங்கப் போனது எழாமல் கிடக்கும், இதை யாரும் சோதிப்பதில்லை, முதல் வாரப் போன்களில் சில இதற்குத்தான் வரும். கைரேகை வைத்துத் திறக்கிற வசதி இருந்தால் அதை மறந்துவிடுங்கள், பல மாடல்களில் வேலை செய்யாது. வைஃபை சிப்புக்கு டிரைவர் இல்லாமல் வைஃபை பட்டியல் காலியாக நின்றால் பயப்பட வேண்டாம், போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும், பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே தேடிப் போடும்.

வேகம் பற்றி நண்பர்கள் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். லினக்ஸ் போட்டதும் லேப்டாப் பறக்கும் என்பார்கள். 4 ஜிபியில் மின்ட் நன்றாகவே தொடங்கும், ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் எந்த சிஸ்டமாக இருந்தாலும் திணறத்தான் செய்யும். உள்ளே இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், கூடவே ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். எஸ்.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை மதியத்தில் இரண்டும் முடியும். பழைய டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே பத்திரமாக வையுங்கள். லினக்ஸ் சரிப்படவில்லை என்றால் அதையே திரும்ப மாட்டிவிடலாம்.

வரப்போகிற போன்களில் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சிரமம் வேண்டாமென்று பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போகும்படி வைத்துக் கொடுப்பீர்கள். மறுநாள் குரோமைத் திறந்ததும் 'லாகின் கீரிங் திறக்கவில்லை, பாஸ்வேர்டு தருக' என்று ஒரு பெட்டி குதிக்கும். பேங்க் பாஸ்வேர்டைக் கேட்கிறான், யாரோ புகுந்துவிட்டான் என்று உங்களுக்கு அழைப்பார். சேமித்த ரகசியங்களைப் பூட்டிவைக்கும் பெட்டி அது. உள்ளே நுழையும்போது பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் தானே திறந்திருக்கும், கொடுக்காததால் இப்போது கேட்கிறது. சின்னதாக ஒரு பாஸ்வேர்டு வைத்து, தினமும் அதை அடித்தே உள்ளே போகப் பழக்குங்கள்.

அப்டேட்டுகளால் பெரிதாகப் பயமில்லை. மின்ட் வேலைக்கு நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது, கீழே ஒரு கேடயக் குறி மட்டும் காட்டும். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. போட்டவுடன், சிஸ்டத்தைப் பிரதியெடுத்து வைக்கிற டைம்ஷிஃப்ட்டை இயக்கி, இரண்டு மூன்று பிரதிகளுக்கு மேல் வைக்காதபடி அமையுங்கள், இல்லையென்றால் டிஸ்க் நிரம்பும். ஏதாவது கெட்டால் முந்தைய நாளுக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டத்துக்குத்தான், அவர் கட்டுரைகளுக்கு அல்ல. அவற்றுக்குத் தனியாக ஒரு பென்டிரைவ் வேண்டும். இணையத்தில் தேடினால் கிடைக்கிற தீர்வெல்லாம் டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் அடிக்கிற கட்டளையாகவே இருக்கும். எழுதுகிறவருக்கு அது சுலபம், அதனால் அப்படி எழுதுகிறார்கள். அதே வேலைக்குப் பெரும்பாலும் மெனுவில் ஒரு வழி இருக்கும். அப்பாவிடம் ஒரே விதி சொல்லுங்கள்: கறுப்புத் திரையில் எதையும் ஒட்ட வேண்டாம், உங்களைக் கூப்பிட வேண்டும். தூரத்திலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கும் ரஸ்ட்டெஸ்க்கும் லினக்ஸில் உண்டு, அங்கிருந்தே உள்ளே வந்து பார்த்துவிடலாம்.

ஆக, டேலி வெளியேறினால் போடலாம். முதல் மாதம் போன் வரும், அதில் பெரும்பாலானவை தமிழ் டைப்பிங்குக்கும் பிரிண்டருக்கும்தான். டேலி அப்பாவிடமே இருக்க வேண்டுமென்றால் இந்த லேப்டாப்பை அம்மாவுக்கு லினக்ஸோடு கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு விண்டோஸ் 11 ஓடுகிற செகண்ட்ஹேண்ட் மெஷின் ஒன்று பார்க்கலாம். பிரிண்டரின் மாடல் நம்பரையும், அப்பா தமிழை எந்த முறையில் அடிக்கிறார் என்பதையும் கீழே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.